சாலைக்குக் கல் ஊன்றும் முன்: ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ. ஒருவரின் குறிப்புகள்

நெடுஞ்சாலை வரப்போகும் செய்தியை டெல்டா கிராமத்துக்கு முதலில் கொண்டுவருவது அரசிதழ் அல்ல, நிலத் தரகர். மெயின் ரோட்டிலிருந்து அரை மைல் உள்ளே, வரப்பைத் தவிர வேறு வழியே இல்லாத நஞ்சையை வெளியூர்க்காரர் ஒருவர் காரில் வந்து விலை கேட்பார். சில நாள் கழித்து இரண்டு இளைஞர்கள் அளவைக் கருவியின் முக்காலியை நிறுத்தி எதையோ பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். கேட்டால் "சும்மா சர்வேதான், அண்ணே" என்பார்கள். ஊர் வேலையைத் தொடங்க வேண்டிய நேரம் அதுதான். அரசிதழில் அறிவிப்பு வந்துவிட்டால் ஆட்சேபம் எழுத மிஞ்சுவது 21 நாட்கள்.

பாபநாசம் வட்டத்துக் கிராமங்களில் வி.ஏ.ஓ.வாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நில எடுப்புக் கோப்புகளுக்கு அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிரிட்டார் என்ற ஊர்க்கணக்கு) நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். விசாரணைக்கு வந்த மனுக்களைப் பிரித்து அடுக்கியிருக்கிறேன். எந்த மனு படிக்கப்படும், எந்த மனு எண் போட்டுக் கட்டி வைக்கப்படும் என்பது எனக்குத் தெரியும். "உயிரைக் கொடுத்தாலும் நிலத்தைக் கொடுக்க மாட்டோம்" என்று ஊரே கையெழுத்திட்ட மனு கட்டோடு போகும். "இன்ன சர்வே எண்ணில் உள்ள வாய்க்காலை உங்கள் சாலை குறுக்கே கடக்கிறது, அதன் கீழ் இத்தனை ஏக்கர் பாசனம், உங்கள் வரைபடத்தில் அங்கே பாலமே இல்லை" என்று ஒருவர் மட்டும் எழுதியிருந்தாலும் போதும், யாராவது ஒரு பொறியாளரிடம் அதற்குப் பதில் கேட்டாக வேண்டும்.

சாலையே கூடாது என்பவன் அல்ல நான். பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணைத் தஞ்சாவூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறவர்களுக்குச் சாலையின் அருமை தெரியும். ஆனால் நில எடுப்புக் கோப்பில் இரண்டு விஷயங்கள் இருக்கவே இருக்காது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது ஒன்று. பட்டா இல்லாமல் அந்த நிலத்தை நம்பிப் பிழைப்பவர் யார் என்பது இன்னொன்று. இவற்றைக் கோப்புக்குள் ஏற்றுவது ஊரின் வேலை. வேறு யாரும் செய்ய மாட்டார்கள்.

வரைபடம்

புதிதாகப் போடும் நான்கு வழிப் புறவழிச்சாலைக்கு 60 மீட்டர் அகலம் எடுத்தால், ஒரு கிலோமீட்டருக்கு 6 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 15 ஏக்கர் போகும். ஒரு மா 33 சென்ட், 20 மா ஒரு வேலி என்ற நம் கணக்கில் இது இரண்டு வேலிக்கும் மேல். ஆனால் பறிபோகும் நிலத்தைவிட மிஞ்சும் நிலத்துக்கு வரும் கேடு பெரிது என்பது என் கருத்து. நிலம் கொடுத்தவருக்குப் பணமாவது கிடைக்கும். சாலைக் கரைக்கு மேற்கே தண்ணீர் தேங்கி சம்பா அழுகியவருக்கு எதுவும் கிடைக்காது, ஏனென்றால் அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

நம் நிலம் மேற்கிலிருந்து கடலை நோக்கி மிக மெல்லச் சரிகிறது. காவிரியும் வெண்ணாறும் கிளை பிரிந்து பிரிந்து கிழக்கே போகின்றன. விழுப்புரம்–நாகப்பட்டினம் சாலைபோல வடக்கு தெற்காகப் போகும் சாலை, வடிகால்கள் கடலுக்குப் போகும் வழியைக் குறுக்கே மறிக்கும். அங்கே பயப்பட வேண்டியது ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்துக்கு. தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலைபோலக் கிழக்கு மேற்காகப் போவது பெரிய ஆறுகளோடு ஏறக்குறைய ஒத்துப் போகும்; ஆனால் அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களைக் கடந்துகொண்டே இருக்கும். அங்கே பயப்பட வேண்டியது வாய்க்காலின் கடைசி வயல்களான கடைமடைக்குத் தண்ணீர் எட்டாமல் போவதற்கு. உங்கள் ஊருக்கு வருவது எந்த வகை என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

அ-பதிவேடு (ஊரின் நிலங்களை எண் வாரியாக வகைப்படுத்திய பதிவேடு), சிட்டா, புலப்படம் (ஒரு புல எண்ணின் அளவு வரைபடம்) மூன்றும் தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் கிடைக்கின்றன. கிராம வரைபடத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி அச்சிடுங்கள். அ-பதிவேட்டைப் பார்த்து வாய்க்கால், வடிகால், வண்டிப்பாதை, களம், சுடுகாடு, நத்தம் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு நிறம் தீட்டுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளே இதைச் செய்துவிடுவார்கள்.

கடினமானது அதற்குப் பிறகு வருகிறது. பதிவேட்டில் உள்ள வாய்க்கால்கள் பாதிதான். பட்டா நிலத்துக்குள்ளேயே, ஒருவர் வயலிலிருந்து அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் போகும் கன்னி வாய்க்கால்கள் எந்தக் கணக்கிலும் ஏறாதவை. தலைமுறை தலைமுறையாக வாய்வார்த்தையில் நடப்பவை. தண்ணீர் கட்டுகிற பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு, அந்த வரைபடத்தோடு வயலில் இறங்கி நடந்தால்தான் அவை தெரியும். நடவுக்குப் போகும் பெண்களையும் கேளுங்கள். எந்த வயலில் முழங்கால் அளவு நிற்கும், எது முதலில் வடியும் என்பதை நிலத்துக்காரரைவிட அவர்கள் துல்லியமாகச் சொல்வார்கள். ஒவ்வொரு மதகுக்கும் குமிழிக்கும் (கரைக்கு அடியில் தண்ணீர் விடும் வழி) ஓர் எண் கொடுத்து, கைபேசியில் இருப்பிடம் பதியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளம் நின்ற உயரமும் வேண்டும். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது எங்கள் பக்கத்தில் எந்தத் திண்ணைவரை தண்ணீர் ஏறியது என்று கேட்டால் ஊரில் பத்துப் பேராவது காட்டுவார்கள். சீர்காழி வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு 2022 நவம்பர் 11 மறக்காது. ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை. சுவரில் அந்த அடையாளத்தை வண்ணம் பூசிக் குறித்து, தெருச் சாலையிலிருந்து அதன் உயரத்தை அளந்து எழுதுங்கள். சாலையின் நீரியல் அறிக்கை பழைய மழைக்கணக்கை வைத்து எழுதப்பட்டிருந்தால், உங்கள் சுவர் அதைக் கேள்வி கேட்கும்.

கடைசியாக, சாலைக்காரர்களின் மொழிக்கு இதை மாற்ற வேண்டும். அவர்களுக்கு ஊர்ப்பெயர் தெரியாது, செயினேஜ்தான் தெரியும். திட்டம் தொடங்கும் இடத்திலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர், எத்தனையாவது மீட்டர் என்ற கணக்கு அது. உங்கள் வாய்க்கால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் செயினேஜ் எண்ணை எழுதிவிட்டால் யாராலும் தட்டிக்கழிக்க முடியாது.

பட்டா இல்லாதவர்கள்

டெல்டாவில் சாலை போகும் நிலத்தில் பெரும்பகுதி கோயிலுடையதாகவோ மடத்துடையதாகவோ இருக்கலாம். உழுபவர் குத்தகைதாரர். சில இடங்களில் அவருக்குக் கீழே வாய்மொழிக் குத்தகைக்காரர் ஒருவர். அவருக்கும் கீழே நடவு, களை, அறுப்பு என்று கூலி பார்ப்பவர்கள். இழப்பீட்டு அறிவிப்பு மேலே இருப்பவரோடு நின்றுவிடும்.

ஆனால் 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் விளக்கப்படி, நிலமே இல்லாத விவசாயத் தொழிலாளர், குத்தகைதாரர், விளைச்சலில் பங்குக்குப் பயிரிடும் வாரக்காரர் ஆகியோரின் குடும்பங்களும் பாதிக்கப்பட்ட குடும்பங்கள்தாம். நில எடுப்புக்கு முன் மூன்று ஆண்டுகள் அங்கே வேலை செய்திருக்க வேண்டும், அதுவே முக்கியப் பிழைப்பாக இருக்க வேண்டும். அச்சட்டத்தின் இழப்பீடு, மறுவாழ்வு, மறுகுடியமர்வு அட்டவணைகளைத் தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் பொருத்தி 2015 ஆகஸ்ட் 28இல் மத்திய அரசு ஆணை வெளியிட்டது. எனவே உரிமை இருக்கிறது. நிரூபிப்பதுதான் பாடு. கோயிலுக்குக் குத்தகை அளந்த ரசீது, 1969ஆம் ஆண்டுச் சட்டப்படியான குத்தகை உரிமைப் பதிவு, அடங்கலில் சாகுபடிதாரர் பெயர், நூறு நாள் வேலை அட்டை, குடும்ப அட்டை, மின் கட்டண ரசீது, எது கிடைத்தாலும் நகல் எடுத்துக் குடும்பத்துக்கு ஓர் உறை என்று வையுங்கள். அடங்கலில் பெயர் இல்லையென்றால் பருவம் நடக்கும்போதே வி.ஏ.ஓ.விடம் போய்ப் பதியச் சொல்லுங்கள். அறுவடை முடிந்தபின் போனால் எந்த வி.ஏ.ஓ.வும் எழுத மாட்டார். நானும் எழுதியிருக்க மாட்டேன்.

இன்னொன்று, சுடுகாட்டுப் பாதை. ஆதிதிராவிடர் தெரு ஊருக்கு ஓரமாக, சுடுகாடு வயல்களுக்கு அப்பால் என்பது நம் பக்கத்து அமைப்பு. வரப்பின் மேல் பிணத்தைத் தூக்கிப் போவதற்கே பல ஊர்களில் சண்டை நடந்திருக்கிறது. இப்போது நடுவே ஆள் உயரத்துக்குமேல் ஒரு கரை எழும்பினால் என்ன ஆகும்? பள்ளிக்கூடம், ரேஷன் கடை, குடிநீர்த் தொட்டி எல்லாம் அந்தப் பக்கம் இருந்தால்? கீழ்ப்பாலம் எங்கே வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் பேசும்போது பெரிய நிலக்காரர்கள் தங்கள் களத்துக்கு நேராகக் கேட்பார்கள். கூட்டத்தை அந்தத் தெருவிலேயே, மாலையில், வேலைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு நடத்துங்கள். பிறகு பாருங்கள், கீழ்ப்பாலத்தின் இடம் மாறும்.

இந்தக் கேள்விக்குச் சுற்றுச்சூழல் நீதி என்ற பெயர் அமெரிக்காவில் கிடைத்தது. அங்கே 1950, 60களில் பெரு நெடுஞ்சாலைகள் போட்டபோது செயின்ட் பால் நகரின் ரோண்டோ, மயாமியின் ஓவர்டவுன் எனக் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளின் நடுவே சாலை கிழித்துக்கொண்டு போனது. ஏழைகள்மீதும் சிறுபான்மையினர்மீதும் மட்டும் சுமை விழுகிறதா என்று அரசுத் துறைகள் பார்க்க வேண்டும் என 1994இல் அதிபர் கிளின்டன் ஆணையிட்டார். 2025 ஜனவரியில் அந்த ஆணை ரத்தானது. நம் ஊரிலும் கதை அதேதான். நிலம் மலிவாகவும் எதிர்ப்பு குறைவாகவும் இருக்கும் பக்கம் கோடு வளையும். புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவரிடம் இரண்டுமே குறைவு.

கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்

தகவல் உரிமைச் சட்டப்படி பதில் வர 30 நாட்கள். ஆட்சேபத்துக்கு 21 நாட்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், அறிவிப்பு வந்தபின் மனுப் போட்டுப் பயனில்லை. முக்காலி வந்த அன்றே எழுதுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் மத்திய அரசு அலுவலகம். பத்து ரூபாய்க்கு அஞ்சல் ஆணை இணைக்க வேண்டும். மாநில நெடுஞ்சாலைத் துறை என்றால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. மாற்றி ஒட்டினால் திரும்பி வரும்.

பரிசீலிக்கப்பட்ட மாற்றுப் பாதைகளின் வரைபடம், நீரியல் அறிக்கை, செயினேஜ் வாரியாகப் பாலங்களும் சிறுபாலங்களும் கொண்ட பட்டியல், நீர்வளத் துறையோடு நடந்த கூட்டுப் புலத்தணிக்கையின் குறிப்பு ஆகிய நான்கையும் கேளுங்கள். பட்டியல் கைக்கு வந்ததும் உங்கள் சுவர் வரைபடத்தோடு ஒப்பிட்டால் விடுபட்டவை தாமாகவே தெரியும். சண்டைக்குத் தேவையான வெடிமருந்து அதுதான்.

கிராம சபை பற்றி ஒரு வார்த்தை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. அதன் தீர்மானம் தேசிய நெடுஞ்சாலையை நிறுத்தாது. நிறுத்தும் என்று சொல்பவர் உங்களை ஏமாற்றுகிறார். ஆனால் ஊரின் வரைபடத்தையும் குடும்பப் பட்டியலையும் தீர்மானத்தின் இணைப்பாகச் சேர்த்துவிட்டால், அவை அரசு ஆவணம் ஆகிவிடும். அதற்காக மட்டுமாவது தீர்மானம் போடுங்கள். "டெல்டா வேளாண் பாதுகாப்பு மண்டலம் ஆயிற்றே, சாலை எப்படி வரும்?" என்பதும் வீண் நம்பிக்கை. 2020ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்வது எண்ணெய், எரிவாயு எடுப்பு, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றை. சாலை அந்தப் பட்டியலில் இல்லை.

அந்த 21 நாட்கள்

1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஏ பிரிவில், நிலம் எடுக்கும் உத்தேசத்தைச் சொல்லும் அறிவிப்பு வரும். அதன் சுருக்கம் இரண்டு நாளிதழ்களில் வெளியாக வேண்டும், அவற்றில் ஒன்று வட்டார மொழியில். வீடு தேடிக் கடிதம் வரும் என்று காத்திருக்காதீர்கள். 3சி பிரிவின்படி, அரசிதழில் வெளியான நாளிலிருந்து 21 நாட்களுக்குள் நிலத்தில் தொடர்புடைய எவரும் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். நம் மாவட்டங்களில் பெரும்பாலும் நில எடுப்புக்கான தனி மாவட்ட வருவாய் அலுவலர்தான் இதற்குத் தகுதிவாய்ந்த அலுவலர். நேரிலோ வழக்கறிஞர் மூலமோ பேச வாய்ப்பளித்து, ஏற்கிறேன் அல்லது நிராகரிக்கிறேன் என்று அவர் உத்தரவு போட வேண்டும்.

குடும்பத்துக்கு ஒரு மனு. ஊருக்கே ஒரே மனு வேண்டாம். ஒரே உத்தரவில் தள்ளிவிடலாம். மனு இப்படி இருந்தால் போதும்:

"இன்ன கிராமம், புல எண் இன்னதில் குத்தகைதாரராக இன்ன ஆண்டிலிருந்து சாகுபடி செய்கிறேன். செயினேஜ் இன்னதில் உத்தேசச் சாலை, புல எண் இன்னதில் உள்ள பாசன வாய்க்காலைக் கடக்கிறது. இதன் கீழ் இன்ன பரப்பு பாசனம் பெறுகிறது. திட்டப் பட்டியலில் இவ்விடத்தில் பாலம் இல்லை. சாலையைப் புல எண் இன்னதின் வழியே நகர்த்தவோ, அது இயலாவிட்டால் இவ்விடத்தில் பெட்டிப் பாலம் அமைக்கவோ கோருகிறேன். நேரில் விசாரிக்கக் கோருகிறேன். இணைப்பு: வரைபடம், படங்கள், ரசீதுகள்."

ஸ்பீட் போஸ்டில் பதிவு வசதியோடு, ஒப்புகை கேட்டு ஒன்று அனுப்பி, நேரில் ஒன்று கொடுத்து முத்திரை வாங்குங்கள். விசாரணையில் சொன்னதை எழுதிக்கொண்டார்களா என்று கேட்டுப் பார்த்துவிட்டே எழுந்து வாருங்கள். நிராகரித்தால் அதற்கு மேல் உயர் நீதிமன்றம்தான். கும்பகோணத்துக்காரர் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும்; பக்கத்தில் இருக்கும் குடவாசல்காரர் திருவாரூர் மாவட்டம் என்பதால் சென்னைக்குப் போக வேண்டும். இரண்டு மாவட்ட ஊர்கள் சேர்ந்து போராடினால் இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். 3ஏ அறிவிப்பிலிருந்து ஓராண்டுக்குள், நில எடுப்பை உறுதிசெய்யும் 3டி அறிவிப்பு வராவிட்டால் முன்னது காலாவதி. நீதிமன்றத் தடை இருந்த காலம் மட்டும் அந்தக் கணக்கில் சேராது. நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

பொதுக் கருத்துக் கேட்பு

எல்லாச் சாலைக்கும் இது கிடையாது; சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் சாலைக்குத்தான். 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி புதிய தேசிய நெடுஞ்சாலைகளுக்கு அனுமதி தேவை. விரிவாக்கம் என்றால், 2013 திருத்தத்துக்குப் பிறகு, நீளம் 100 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும்; அதோடு கூடுதல் நிலம் பழைய தடத்தில் 40 மீட்டரையும் புறவழிகளில் 60 மீட்டரையும் தாண்ட வேண்டும். விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினம் வரை சுமார் 180 கிலோமீட்டர் சாலையை நான்கு துண்டுகளாகப் பிரித்து எடுத்ததை எதிர்த்து வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அனுமதியைத் தவிர்க்கும் தந்திரமாகத் துண்டு போடக் கூடாது என்று 2021 ஜனவரித் தீர்ப்பு சொன்னது. ஆனால் அந்தச் சாலைக்கு எடுக்கும் நிலம் வரம்புக்குள் இருப்பதால் அனுமதி தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்லிவிட்டது. ஆகவே அகலத்தை அளந்து பார்க்காமல் வழக்குப் போடாதீர்கள்.

கூட்டம் நடந்தால், குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். குறைந்தபட்ச வருகை என்று எதுவும் இல்லை. நீங்கள் போகாவிட்டாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு. முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் படித்துக்காட்ட வேண்டும் என்பது விதி. சாப்பாட்டுப் பொட்டலம் வந்ததும் பாதிப்பேர் கிளம்பிவிடுவார்கள். கிளம்பாமல் இருந்து, உங்கள் வாய்க்காலின் பெயர் குறிப்பில் வருகிறதா என்று கேளுங்கள்.

பாலமும் பருவமும்

பாலம் தருகிறோம் என்ற வாக்கோடு திருப்தி அடைய வேண்டாம். குழாய்ப் பாலத்தை ஏற்காதீர்கள். ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஒரே பருவத்தில் குழாயை அடைத்துவிடும், உள்ளே ஆள் நுழைந்து எடுக்க முடியாது. தூர்வாரும் அளவுக்கு அகலமான பெட்டிப் பாலம் கேளுங்கள். அதன் அடிமட்டம் வாய்க்காலின் இப்போதைய தரைமட்டத்தோடு பொருந்த வேண்டும். ஒரு சாண் உயர்ந்தாலே கடைமடை காயும். வேலை நடக்கும்போது மாற்று வாய்க்கால் வெட்டித் தர வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை திறந்திருக்கும் என்பதால், வாய்க்கால் கடக்கும் வேலையெல்லாம் பிப்ரவரி முதல் மே வரைக்குள் முடிய வேண்டும் என எழுத்தில் வாங்குங்கள்.

இழப்பீட்டு விசாரணையில் இன்னொன்றையும் கேட்க மறந்துவிடாதீர்கள். சாலையால் நிலம் இரண்டாகத் துண்டுபட்டால் அந்தச் சேதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஜி பிரிவு சொல்கிறது. மோட்டார் கொட்டகை ஒரு பக்கம், வயல் மறுபக்கம் என்றால் அதைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். கேட்காதவருக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள்.

சாலை முடிந்தபின் வரும் முதல் வடகிழக்குப் பருவமழையில் குடையோடு வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பாலத்துக்கும் போங்கள். மேற்கே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, கிழக்கே எவ்வளவு என்று அளவுகோல் வைத்து, தேதி தெரியும்படி படம் எடுங்கள். ஒப்பந்தத்தில் குறைபாடுகளுக்கு ஒப்பந்ததாரர் பொறுப்பேற்கும் காலம் ஒன்று உண்டு. அது எப்போது முடிகிறது என்பதையும் தகவல் உரிமையில் கேட்டு வைத்திருங்கள். அது முடிவதற்குள் திட்ட இயக்குநருக்கு ஒரு மனு, நீர்வளத் துறைச் செயற்பொறியாளருக்கு ஒரு நகல், ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ஒரு நகல். மூன்றிலும் அதே செயினேஜ் எண்ணை எழுதுங்கள்.